காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம்
சுவாசப் பாடத்துக்கு ஒரு புளியங்கொட்டைச் செயல்பாடு

சுவாச மண்டலத்தை ஒரு பாடத்தில் நடத்துகிறோம். இரத்தச் சுற்றோட்டத்தை வேறொரு பாடத்தில் நடத்துகிறோம். முதல் பாடத்தில், மூக்கில் தொடங்கிக் காற்று நுண்ணறை வரை காற்று செல்லும் வழியை மாணவர்கள் அழகாக வரைகிறார்கள். அடுத்ததில், இதயத்தின் நான்கு அறைகளையும் நுரையீரல் தமனியையும் குறிக்கிறார்கள். இரண்டு படங்களுக்கும் முழு மதிப்பெண் வாங்கும் மாணவரிடம், "உள்ளே போன காற்றும் உள்ளே போன இரத்தமும் நுரையீரலில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தனவா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. நுரையீரல் ஒரு பலூன். காற்று நிரம்பினால் ஆக்சிஜன் கிடைத்துவிடும் என்பதுதான் பல மாணவர்களின் மனப்படம்.

இந்த மனப்படம் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்காது. வீட்டில்தான் அது ஆபத்தாகிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவி நம் தெருக்களில் வீடு வீடாகப் போய் வந்தது. அது காட்டிய எண் எதைச் சொல்கிறது என்பது பலருக்கும் தெரியவில்லை. காற்றும் இரத்தமும் ஒன்றுக்கொன்று ஈடாகச் சந்திக்க வேண்டும் என்ற ஒரே கருத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டால், அந்த எண்ணும் புரியும், ஆஸ்துமாவும் புரியும், காசநோய் ஏன் நுரையீரலின் மேற்பகுதியில் தங்குகிறது என்பதும் புரியும். அதற்காக என் வகுப்பில் நான் செய்துவரும் ஒரு செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். செலவு ஏதுமில்லை. ஒரு பாடவேளை போதும்.

தறியிலிருந்து தொடங்குவோம்

நான் பணிபுரிவது காஞ்சிபுரத்தில். வகுப்பில் தறி பார்க்காத பிள்ளைகள் குறைவு. பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து வருபவர்களுக்குத் தறிச் சத்தம் கேட்டுத்தான் பொழுது விடியும். அதனால் பாடத்தைத் தறியில் தொடங்குகிறேன்.

"வீட்டில் ஒரு சேலைக்கு வேண்டிய பாவு நூல் முழுவதும் இருக்கிறது. ஊடை நூலும் முழுவதும் இருக்கிறது. சேலை இருக்கிறதா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். நெய்தால்தான் சேலை. பாவும் ஊடையும் குறுக்காகச் சேரும் இடத்தில் மட்டுமே துணி உண்டாகிறது. ஒரு பாவில் அடுத்தடுத்த சேலைகளை நெய்யும்போது, நடுவில் கொஞ்சம் இடம் ஊடை விடாமல் விடப்படுகிறது. அங்கே பாவு இருக்கிறது, துணி இல்லை. சேலையை அறுத்த பிறகு அந்த வெறும் பாவு நூல்தான் முந்தானையில் குஞ்சமாகத் தொங்குகிறது.

நுரையீரலிலும் இதே நிலைதான். காற்றைப் பாவு என்றும் இரத்தத்தை ஊடை என்றும் வைத்துக்கொண்டால், வாயுப் பரிமாற்றம் என்ற துணி இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உண்டாகிறது. காற்று வந்து இரத்தம் வராத இடம் குஞ்சம் மாதிரி. இரத்தம் வந்து காற்று வராத இடத்திலும் துணி கிடையாது. மொத்த அளவு சரியாக இருந்தால் போதாது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டும் இருக்க வேண்டும். நெசவு இல்லாத ஊர்களில் இட்லித் தட்டும் மாவும், பேருந்தும் பயணியும் என்று உங்கள் பகுதிக்கு ஏற்ற எடுத்துக்காட்டைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆசிரியருக்கான பின்னணி

வகுப்புக்குப் போகுமுன் சில எண்கள் நம் கையில் இருப்பது நல்லது. எல்லாம் ஓய்வாக இருக்கும் ஒரு வளர்ந்த மனிதருக்கான தோராய அளவுகள்.

ஒரு மூச்சில் உள்ளே செல்லும் காற்று சுமார் 500 மில்லிலிட்டர். இதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாயிலும் அதன் கிளைகளிலும் நின்றுவிடுகிறது. அங்கே பரிமாற்றம் இல்லை. மீதி 350 மில்லிலிட்டர்தான் காற்று நுண்ணறைகளை அடைகிறது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 4 லிட்டர். அதே ஒரு நிமிடத்தில் இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். நான்கு லிட்டர் காற்றுக்கு ஐந்து லிட்டர் இரத்தம், விகிதம் 0.8. கணக்குப் பாடத்தில் விகிதம் நடத்தும் ஆசிரியரும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு கற்பனை. 4 லிட்டர் காற்றும் இடது நுரையீரலுக்கே போகிறது. 5 லிட்டர் இரத்தமும் வலது நுரையீரலுக்கே போகிறது. மொத்த விகிதம் அப்போதும் 0.8 தான். ஆனால் ஒரு துளி ஆக்சிஜன்கூட இரத்தத்தில் சேராது. மொத்தத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

அடுத்த கேள்வி முக்கியமானது. ஒரு பகுதியில் காற்று குறைந்தால், இன்னொரு பகுதியில் அதிகக் காற்றை இழுத்து ஈடுகட்ட முடியாதா? ஆக்சிஜனைப் பொறுத்தவரை முடியாது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் ஆக்சிஜனுக்கு நான்கு இடங்கள்தான் உண்டு. உடலைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தத்தில், ஓய்வு நிலையில், சராசரியாக நான்கில் மூன்று இடங்கள் இன்னும் நிரம்பியே இருக்கின்றன. அதாவது 75 விழுக்காடு. நல்ல காற்று உள்ள பகுதியைக் கடக்கும்போது அது 97, 98 விழுக்காடு ஆகிவிடுகிறது. அதற்குமேல் இடமில்லை. நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். காற்று இல்லாத பகுதியைக் கடந்த இரத்தம் 75 விழுக்காட்டிலேயே திரும்பி, நல்ல இரத்தத்தோடு கலந்து, மொத்தத்தையும் கீழே இழுத்துவிடுகிறது.

செயல்பாடு: நான்காவது கொட்டை

தேவையானவை: மாணவர்கள் 20 பேர், புளியங்கொட்டை 100, சுண்ணக்கட்டி.

தரையில் இரண்டு பெரிய வட்டங்கள் வரையுங்கள். ஒன்று இடது நுரையீரல், மற்றது வலது நுரையீரல். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மாணவரைக் காற்று வழங்குபவராக நிறுத்துங்கள். இவர்கள் இருவரும் 20 பேரில் சேர மாட்டார்கள். 20 பேரும் ஹீமோகுளோபின்கள். ஒவ்வொருவர் கையிலும் மூன்று கொட்டைகள். கையில் நான்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. வட்டத்தைக் கடக்கும்போது ஒரு கொட்டை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். நின்று காத்திருக்கக் கூடாது. உண்மையில் ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியில் இருப்பது முக்கால் நொடிதான் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோர் கையிலும் உள்ள கொட்டைகளைக் கூட்டி, முழு அளவான 80-க்கு எத்தனை விழுக்காடு என்று கரும்பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொரு சுற்றும் கையில் மூன்று கொட்டையோடுதான் தொடங்கும்.

சுற்று 1. இரண்டு வட்டத்திலும் பத்துப் பத்துக் கொட்டை. மாணவர்களும் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து கடக்கிறார்கள். எல்லோருக்கும் நான்காவது கொட்டை கிடைக்கிறது. 80-க்கு 80, நூறு விழுக்காடு.

சுற்று 2. வலது வட்டத்துக்குக் காற்று வரும் வழி அடைபட்டது. 20 கொட்டையும் இடது வட்டத்தில். மாணவர்கள் முன்போலவே பத்துப் பத்துப் பேர். இடதில் கடந்தவர்கள் கையில் நான்கு. வலதில் கடந்தவர்கள் கையில் மூன்று. 40 + 30 = 70. விழுக்காடு 87.5. இடது வட்டத்தில் பத்துக் கொட்டை மிச்சம் கிடப்பதை எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் இருக்கிறது, வாங்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

சுற்று 3. "மூச்சை இன்னும் ஆழமாக இழுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். செய்து பார்ப்போம். இடது வட்டத்தில் 40 கொட்டை வையுங்கள். வலதில் ஒன்றுமில்லை. முடிவு மீண்டும் 70, அதே 87.5. மிச்சம் மட்டும் முப்பது ஆகிறது. இந்த இடத்தில் வகுப்பில் ஓர் அமைதி வரும். அவசரப்பட்டு விளக்கம் சொல்லாமல், ஒரு நிமிடம் அவர்களே பேசிக்கொள்ள விடுங்கள்.

சுற்று 4. கொட்டை பழையபடி 20, எல்லாம் இடதில். "காற்றை ஒன்றும் செய்ய முடியாது. வேறு எதை மாற்றலாம்?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "எல்லாரும் இடது பக்கம் போயிடலாம்." வலது வட்டத்தின் வாசலைச் சுண்ணக்கட்டியால் குறுக்கி வரையுங்கள். இரண்டு பேர் மட்டும் வலதில் நுழைய முடியும். 18 பேர் இடதுக்குத் திரும்புகிறார்கள். 72 + 6 = 78. விழுக்காடு 97.5.

அதே 20 கொட்டை, அதே 20 பேர். மாறியது இரத்தம் போன வழி மட்டுமே.

மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் எட்டுப் பேரை வைத்தும் செய்யலாம். சுற்று 2-இல் 32-க்கு 28, அதே 87.5, சுற்று 4-இல் ஏழு பேர், ஒருவர் என்று பிரித்தால் 32-க்கு 31, ஏறத்தாழ 97.

நேரமிருந்தால் ஐந்தாவது சுற்று ஒன்று உண்டு. இரண்டு வட்டத்திலும் பத்துப் பத்துக் கொட்டை. ஆனால் இடது வட்டத்துக்குச் செல்லும் இரத்த வழி அடைபட்டு 20 பேரும் வலது வழியாகவே போக வேண்டியிருக்கிறது. முதல் பத்துப் பேருக்குத்தான் கொட்டை. மீண்டும் 70. காலில் உண்டான இரத்தக்கட்டி நகர்ந்து வந்து நுரையீரல் தமனியை அடைக்கும்போது நடப்பவற்றில் ஒன்று இது.

நுரையீரலே செய்யும் சரிக்கட்டல்

சுற்று 4-இல் மாணவர்கள் கண்டுபிடித்த வழியை நுரையீரல் தினமும் செய்துகொண்டிருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள நுண்ணறைகளில் ஆக்சிஜன் குறைந்தால், அந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகள் சுருங்குகின்றன. இரத்தம் காற்று நன்றாக உள்ள பகுதிகளுக்குத் திரும்புகிறது. 1946-இல் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர், யோரன் லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவரும் பூனைகளில் செய்த ஆய்வின் மூலம் இதை விளக்கினார்கள். வான் ஆய்லர் பின்னாளில், 1970-இல், நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் பற்றிய வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. உடலின் மற்றப் பகுதிகளில், ஓடும்போது காலின் தசையில் நடப்பது போல, ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அங்கே இரத்தம் ஆக்சிஜனைக் கொடுக்கப் போகிறது. நுரையீரலில் மட்டும் சுருங்குகின்றன. இங்கே இரத்தம் ஆக்சிஜனை வாங்க வருகிறது. கொடுக்கும் இடம், வாங்கும் இடம் என்ற வேறுபாட்டைச் சொன்னால் போதும், மாணவர்களே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். மறுபக்கமும் உண்டு: இரத்தம் வராத பகுதியில் கார்பன் டைஆக்சைடு குறைகிறது, அதனால் அங்கே செல்லும் மூச்சு நுண்குழல்கள் சற்றே சுருங்கி, காற்றை வேறு பகுதிக்குத் திருப்புகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு சிறு பகுதியில் காற்று குறைந்தால் இரத்தத்தைத் திருப்பிவிடலாம். நுரையீரல் முழுவதிலுமே ஆக்சிஜன் குறைந்தால் எங்கே திருப்புவது? எல்லாத் தமனிகளும் சுருங்கி, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. திடீரென்று மிக உயரமான மலைப்பகுதிக்குச் செல்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம். லடாக் போன்ற உயரங்களுக்கு அனுப்பப்பட்ட வீரர்களிடம் இந்த நோயைக் கண்டு, 1960-களில் உலகுக்கு விரிவாக எழுதியவர்களில் நம் இந்திய இராணுவ மருத்துவர்கள் முக்கியமானவர்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் இந்தச் செயல்பாட்டைச் செய்தால் புளியங்கொட்டை வேண்டாம். பெரிய பாட்டில் மூடிகளையோ அட்டைகளையோ பயன்படுத்துங்கள். சிறு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓடும் குழந்தைக்கு அது மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். வேர்க்கடலையால் இது நடப்பது மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கப்படும் ஒன்று.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கடலை உள்ளே போன உடன் குழந்தை கடுமையாக இருமுகிறது, முகம் சிவக்கிறது. சிறிது நேரத்தில் இருமல் நின்று, விளையாடக்கூடப் போய்விடுகிறது. கடலை வெளியே வந்துவிட்டது என்று பொருளில்லை. அது ஒரு கிளைக்குழலில் போய்த் தங்கி, அந்தப் பகுதிக்கு மட்டும் காற்றைத் தடுத்திருக்கலாம். நுரையீரல் சுற்று 4-இல் பார்த்தபடி இரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடுவதால், குழந்தையின் ஆக்சிஜன் அளவு பெரிதாகக் குறையாமலே இருக்கவும் கூடும். தின்னும்போது திடீரென்று புரையேறி இருமி, பிறகு சரியான குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் அன்றே சொல்லி, மருத்துவரிடம் காட்டச் செய்வது நம் கடமை. பேச முடியாமல், மூச்சு விட முடியாமல் திணறினால் உடனே முதலுதவியைத் தொடங்க வேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

உச்சியும் அடியும்

நோயற்ற நுரையீரலிலும் காற்றும் இரத்தமும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நிமிர்ந்து நிற்கும் மனிதரின் நுரையீரல் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். ஈர வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டால் நீர் கீழ் ஓரத்தில் சேர்வது போல, இரத்தம் அடிப்பகுதிக்கு அதிகமாகவும் உச்சிக்கு மிகக் குறைவாகவும் செல்கிறது. காற்றும் அடிப்பகுதிக்கே அதிகம் செல்கிறது. இதற்கு இயற்பியல் ஆய்வகத்திலுள்ள சுருள்கம்பியைத் தொங்கவிட்டுக் காட்டலாம். மேல் வளையங்கள் தம் கீழுள்ள எடையால் ஏற்கெனவே விரிந்திருக்கும். கீழ் வளையங்கள் நெருங்கியிருக்கும். மேலும் விரிய இடமுள்ளவை கீழ் வளையங்கள்தான். அடிப்பகுதி நுண்ணறைகளும் அப்படியே, ஒவ்வொரு மூச்சிலும் அதிகம் விரிகின்றன.

ஆனால் இந்த இரு வேறுபாடுகளும் ஒரே அளவில் இல்லை. உச்சியிலிருந்து அடிக்கு வரும்போது காற்று மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது என்றால், இரத்தம் அதைவிடப் பல மடங்கு கூடுகிறது. ஆகவே உச்சியில் விகிதம் 3-க்கும் மேல்; அடியில் 0.6 அளவு. 1960 வாக்கில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்ட்டும் உடன் பணியாற்றியவர்களும், கதிரியக்க ஆக்சிஜன் கலந்த கார்பன் டைஆக்சைடை மூச்சில் இழுக்கச் செய்து, மார்பின் மேல் கருவிகளை வைத்து இந்த வேறுபாட்டை அளந்தார்கள்.

உச்சியில் காற்று வருகிறது. எடுத்துச் செல்ல இரத்தம் குறைவு. அதனால் அங்குள்ள நுண்ணறைகளில் ஆக்சிஜன் அடியில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தங்குகிறது. காசநோய்க் கிருமி ஆக்சிஜன் இல்லாமல் பெருக முடியாத கிருமி. வளர்ந்தவர்களுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று விளக்கப்படுகிறது. படுத்திருக்கும்போது உச்சிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. மருந்துகள் வருவதற்கு முன்பு நோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்தது ஏன் உதவியிருக்கக்கூடும் என்பதற்கும் சிலர் இதையே விளக்கமாகச் சொன்னார்கள்.

இந்த வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்று மருந்து உட்கொண்டவர்களையும், நெருக்கமான வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தை உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவு: இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழி இதனால் வலுப்பெற்றது. மருந்தைத் தவறாமல் உட்கொள்வதுதான் குணப்படுத்துகிறது. தனித் தட்டும் தனி அறையும் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதை இந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நோயாளி இருக்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அது ஒரு துணை.

82 என்று காட்டிய கருவி

ஒருமுறை பத்தாம் வகுப்பில் இந்தச் செயல்பாடு முடிந்த பிறகு, ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்போ தாத்தா நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு டீச்சர். மூச்சு வாங்கவே இல்ல. மெஷின்ல மட்டும் 82-ன்னு காட்டுச்சு. மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. மெஷின் கரெக்டா டீச்சர்?"

2021-இல் இதே கேள்வி எத்தனையோ வீடுகளில் எழுந்தது. ஆக்சிஜன் இவ்வளவு குறைந்தும் மூச்சுத் திணறாமல் ஒருவரால் பேச முடியுமா? முடியும். சுற்று 2-ஐ மறுபடியும் நினைத்துக்கொள்வோம். கொரோனாவில் நுரையீரலின் சில பகுதிகள் வீக்கத்தாலும் நீராலும் காற்றை இழந்தன. பல நோயாளிகளுக்கு, அங்கே போகும் இரத்தத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடும் சரியாக வேலை செய்யவில்லை என்று கருதப்படுகிறது. ஆகவே ஆக்சிஜன் இறங்கியது.

ஆனால் நமக்கு மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டைஆக்சைடு ஏறுவதுதான். கார்பன் டைஆக்சைடுக்கு "நான்கு இடம்தான்" என்ற விதி இல்லை. நல்ல பகுதிகள் சற்று அதிகமாக மூச்சுவிட்டு, கெட்ட பகுதிகளின் பங்கையும் சேர்த்து வெளியேற்றிவிட முடியும். வகுப்பில் இதையும் காட்டலாம்: ஒவ்வொரு மாணவரும் சில காகிதத் துண்டுகளைக் கொண்டுவரட்டும், வலதில் காகிதத்தைக் கொடுக்க முடியாமல் திரும்புகிறவர்கள் இருந்தாலும், இடதில் இருப்பவர் மற்றவர்களிடம் இரண்டிரண்டாக வாங்கிக்கொண்டால் மொத்தக் கணக்கு சரியாகிவிடும். கொட்டையில் இது நடக்காது. ஆக, கார்பன் டைஆக்சைடு ஏறவில்லை. மூளைக்கு எச்சரிக்கை போகவில்லை. ஆக்சிஜன் மட்டும் ஓசையில்லாமல் குறைந்தது.

அந்த மாணவியிடம், "கருவி சரியாக இருந்திருக்கலாம் அம்மா. அந்த நேரத்தில் உலகத்துக்கே இது புதிதாக இருந்தது. உங்கள் வீட்டில் யார் மேலும் தப்பில்லை" என்று சொன்னேன். பிறகு வகுப்புக்கு ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதினேன்: விரலைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், அசையாமல் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் 94-க்குக் கீழே காட்டினால், ஆள் நன்றாகப் பேசினாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

குப்புறப் படுக்கச் சொன்னதும் இதே கருத்துதான். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிறும் அதை அழுத்துகின்றன. குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி விரிந்து காற்று வருகிறது. இரத்தம் முன்போலவே அங்கே நிறையச் செல்கிறது. இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. 2013-இல் பிரான்சு மருத்துவர்கள் தலைமையில் வெளியான ஆய்வில், கடுமையான நுரையீரல் பாதிப்புடன் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களை நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது, 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமும் வீட்டில் இருந்த நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைத்தது.

மாதிரியின் எல்லைகள்

எந்த மாதிரியையும் போல இதற்கும் குறைகள் உண்டு. அவற்றை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

1. நான்கில் மூன்று என்பது சராசரி. ஒவ்வொரு மூலக்கூறும் சரியாக மூன்றுடன் வருவதில்லை.
2. ஆக்சிஜனை யாரும் கையால் கொடுப்பதில்லை; பகுதி அழுத்த வேறுபாட்டால் அது பரவுகிறது.
3. காற்று முழுவதும் அடைபடுவதும் முழுவதும் திறந்திருப்பதும் இரு கோடிகள். உண்மையில் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் விகிதங்கள் பலவாறு இருக்கும்.

மதிப்பீட்டு வினாக்கள்

6 முதல் 8 வகுப்பு வரை: நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்று செல்லவில்லை. அங்கே செல்லும் இரத்தத்துக்கு என்ன ஆகும்? படம் வரைந்து விளக்குக.

9, 10 வகுப்புகள்: 98 விழுக்காடு ஆக்சிஜன் நிரம்பிய 3 லிட்டர் இரத்தமும் 75 விழுக்காடு நிரம்பிய 2 லிட்டர் இரத்தமும் கலக்கின்றன. கலவையின் விழுக்காடு என்ன? பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த எண்ணைக் காட்டினால் என்ன செய்வாய்? (விடை: 88.8)

11, 12 வகுப்புகள்: ஆக்சிஜன் குறையும்போது தசையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரண்டும் உடலுக்கு எவ்வாறு பயன்படுகின்றன? தாயின் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை. அங்கே செல்லும் இரத்தத்தின் அளவு எப்படி இருக்கும்? முதல் மூச்சுக்குப் பின் என்ன மாறும்?

சுவாசப் பாடமும் சுற்றோட்டப் பாடமும் வெவ்வேறு பருவத்தில் வந்தால், இந்தச் செயல்பாட்டை இரண்டாவது பாடத்தின் முதல் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்தின் படத்தையும் அன்று நோட்டில் திறந்து வைத்திருக்கச் சொன்னால், காற்று நுண்ணறையைச் சுற்றி வலைபோல வரைந்த தந்துகிகள் அங்கே ஏன் இருக்கின்றன என்பதை அவர்களே சொல்லக் கேட்கலாம்.